தெற்குக் கடலில் எழுந்த வெளிச்சம்

பதினோராம் அத்தியாயம்

அது ராக்கெட்தான் என்று தேக்கா வட்டாரம் முழுவதும் முடிவு கட்டிவிட்டது. யாருடைய ராக்கெட் என்பதில்தான் சண்டை.

சனிக்கிழமை காலை பிரிஜட் மீன் வாங்கப் போகிற வழியில் சேக் தாவூதின் சரபத்துக் கடையைத் தாண்ட வேண்டியிருந்தது. இஞ்சித் தேநீர் ஆறிக்கொண்டிருக்க, பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் வியாழக்கிழமை மாலையை இன்னும் விட்டபாடில்லை.

"இந்தோனேசியாக்காரன் விட்டதுதான். இங்க விழ வேண்டியது, குறி தப்பிப் போச்சு."

"அவன்கிட்ட ஏதுப்பா அவ்வளவு பெரிய சாமான்? வெள்ளைக்காரன் சோதிச்சுப் பாத்திருக்கான். வெளிய சொல்லுவானா?"

"அமெரிக்காக் கப்பல் ஒண்ணு அந்தப் பக்கம் நிக்குதாம் லா. என் மச்சான் ஹார்பர்ல வேலை பாக்கறான், அவன் சொன்னான்."

"நேத்து வரைக்கும் உன் மச்சான் எரிநட்சத்திரம்னுல்ல சொல்லிட்டிருந்தான்!"

சிரிப்பு எழுந்தது. அதற்குள் ஒருவர் பிரிஜட்டைப் பார்த்துவிட்டார். சிரிப்பு பாதியில் நின்றது. சேக் தாவூது, துடைத்து முடித்த மேசையையே மறுபடி துடைக்க ஆரம்பித்தார்.

பிரிஜட் தலையைக் குனிந்தபடி நடந்தாள். அவர்கள் பேசுகிற அந்த வெளிச்சத்துக்கு அடியில் ஒரு படகு இருந்தது. அந்தப் படகில் அவள் கணவன் சிலுவைராஜ் இருந்தான்.

சிலுவைராஜ் கப்பல்களுக்கு அரிசியும் காய்கறியும் ஏற்றிப்போகும் மோட்டார் படகை ஓட்டும் சாரங்கு. வியாழக்கிழமை மத்தியானம், வெளியே நங்கூரம் போட்டிருந்த ஒரு கப்பலுக்குச் சாமான் கொண்டுபோனான். கூட வேலை பார்ப்பவனுக்குக் காய்ச்சல் என்பதால் தனியாகவே போனான். இறக்கிக் கொடுத்துவிட்டுக் கிளம்பியதைக் கப்பல்காரர்கள் பார்த்திருக்கிறார்கள். பொழுது இறங்குகிற நேரத்தில் தெற்குக் கடலிலிருந்து சிவப்பாக ஒன்று வாலோடு மேலே ஏறியது. பாசிர் பாஞ்சாங்கிலிருந்து காத்தோங் வரை கரையில் நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள். அதற்குப் பிறகு சிலுவைராஜைப் பார்த்தவர் இல்லை.

அரசாங்கம் வானொலியில் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டது: யாரும் எதையும் ஏவவில்லை, வதந்தியை நம்ப வேண்டாம்.

வெள்ளிக்கிழமை படகின் சொந்தக்காரரான சீனத் தவுக்கே வீடு தேடி வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று, மெதுவாக ஒரு கேள்வி கேட்டார். "அந்தப் பக்கம் உன் புருசனுக்குத் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?"

இருந்தார்கள். இந்தோனேசியாவோடு பகை மூளுவதற்கு முன்னால் சிலுவைராஜ் அந்த நாட்டு ரியாவுத் தீவுகளுக்குப் போய்க் கொப்பரையும் புகையிலையும் ஏற்றி வந்தவன்தான். அந்தக் காலத்தில் யார்தான் போகவில்லை? இப்போது அங்கிருந்து படகில் ஆட்கள் வருகிறார்கள், நகரத்தில் குண்டு வைக்கிறார்கள். இப்போது அந்தக் கேள்விக்கு அர்த்தமே வேறு.

அன்றிரவெல்லாம் பிரிஜட் ஜெபமாலையைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஏறியது ராக்கெட் என்றால் அவன் செத்திருப்பான். எதுவுமே ஏறவில்லை என்றால் படகோடு எதிரிக் கரைக்கு ஓடியவன் ஆவான். இதில் எதைக் கேட்டு மாதாவிடம் வேண்டுவது? அவளுக்கு வாய் வரவில்லை.

அவளைக் கொஞ்சமாவது நிமிர்த்தி வைத்திருந்தது கொழுந்தன் இயேசுதாசன் எழுதிய செய்திதான். அவன் தமிழ்ப் பத்திரிகை ஒன்றில் நிருபன். 'தெற்குக் கடலில் மர்ம ராக்கெட்: நேரில் கண்டவர் வாக்குமூலம்' என்று வெள்ளிக்கிழமை முதல் பக்கத்தில் வந்தது. வெளிச்சம் ஏறிய இடத்துக்குப் பக்கத்தில் ஒரு படகைக் கண்டதாகப் பெயர் சொல்லாத அந்தச் சாட்சி சொல்லியிருந்தார். அதைப் படித்த பிறகு தெருவே அவர்கள் வீட்டுக்கு வந்து அழுதுவிட்டுப் போனது. போலீஸ் படகுகளும் அந்த இடத்தைச் சுற்றித்தான் தேடிக்கொண்டிருந்தன.

மாமியார் அல்போன்சம்மாள் வியாழக்கிழமையிலிருந்து கஞ்சித் தண்ணீரைத் தவிர வேறெதையும் தொடவில்லை. மீன் குழம்பு வைத்தால் இரண்டு வாய் இறங்கும் என்றுதான் பிரிஜட் கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பியிருந்தாள்.

தேக்கா மார்க்கெட்டில் மீன்காரர் யாக்கூப் அவளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வவ்வால் இருக்கா பாய்?"

"இருக்கு, இருக்கு." அவர் எடை போடாமலே ஒரு மீனை எடுத்து வெட்டத் தொடங்கினார். செதிலை எடுக்க மறந்துவிட்டார்.

"பாய், வியாழக்கிழமை நீங்க கேலோங்குக்குப் போயிருந்தீங்கன்னு உங்க வீட்டு ரபியாக்கா சொன்னாங்க."

கடலுக்குள் கம்பு நட்டு, மேலே பலகை பரப்பி மீன் பிடிக்கும் கேலோங்குகளில்தான் யாக்கூப் மீன் எடுப்பது வழக்கம். பாசிர் பாஞ்சாங் கரைக்கு எதிரே இருப்பது அவருக்கு வாடிக்கையான இடம்.

கத்தி நின்றது.

"உங்க கொழுந்தன் உங்ககிட்ட ஒண்ணும் சொல்லலையா?"

"என்ன சொல்லணும்?"

யாக்கூப் சுற்றும் முற்றும் பார்த்தார். கடைக்குப் பின்னால் ஐஸ் பெட்டிகள் அடுக்கியிருந்த இடத்துக்கு அவளைக் கூப்பிட்டார்.

"பேப்பர்ல வந்த சாட்சி நான்தான். பேர் போட வேணாம்னு கெஞ்சிக் கேட்டுக்கிட்டேன். பொழுது சாஞ்சப்புறம் கடல்ல இருக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டிருக்கான். தெரிஞ்சா லைசென்சைப் பிடுங்கிடுவான். ஆனா நான் சொன்னதுல பாதியத்தான் தம்பி எழுதினாரு."

"மிச்சம் என்ன பாய்?"

"அந்த வெளிச்சம் ஏறுனது உண்மை. கேலோங் பலகையெல்லாம் கிடுகிடுன்னு ஆடிச்சு. அது என்ன எழவுன்னு எனக்குத் தெரியாது. ஊர்ல ஆயிரம் சொல்றாங்க. ஆனா எல்லாம் அடங்கினப்புறம் ஒரு படகு என் பக்கமா வந்துச்சு. எஞ்சின் சத்தத்தை வச்சே சொல்லிடுவேன், உங்க வீட்டுக்காரரு படகுதான். விளக்கு அணைஞ்சிருந்துச்சு. நேரா தெக்க போச்சு. தீவுங்க இருக்கிற பக்கம்."

"அவரைப் பாத்தீங்களா?"

"பாத்தேன். நான் கையை ஆட்டினேன். அவரும் கையைத் தூக்கினாரு. போய்ட்டு வர்றேன்னு சொன்னாரா, கூப்பிட்டாரா, எனக்கு விளங்கல."

முதலில் பிரிஜட்டுக்கு வந்தது சந்தோஷம். உயிரோடு இருந்திருக்கிறான்! அந்தப் பாழாய்ப்போன வெளிச்சத்துக்குப் பிறகும் கையைத் தூக்கியிருக்கிறான்! அவ்வளவு பெரிய சந்தோஷம் அவளுக்குக் கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை. அது அடங்குவதற்குள், விளக்கு அணைந்திருந்தது என்ற வார்த்தை மெல்ல உள்ளே இறங்கியது.

"பாய், என்கூடப் போலீசுக்கு வாங்க."

"பிரிஜட்டம்மா, எனக்கும் பொஞ்சாதி பிள்ளைங்க இருக்கு."

"உங்களை விட்டா வேற யாருமே அவரைப் பாக்கல பாய்."

யாக்கூப் மீன் வெட்டும்போது கட்டும் முன்துணியை அவிழ்த்துப் பெட்டியின் மேல் போட்டார்.

கெர்பாவ் ரோட்டு வீட்டுப் படிக்கட்டில் இயேசுதாசன் இறங்கி வந்துகொண்டிருந்தான். அண்ணியின் முகத்தையும், தெருவில் நின்ற யாக்கூபையும் பார்த்ததுமே அவனுக்குப் புரிந்துவிட்டது.

"அண்ணி, மெதுவாப் பேசுங்க. அம்மா மேல இருக்காங்க."

"பாதியை ஏன் விட்டீங்க தம்பி?"

"மீதியைப் போட்டா என்ன ஆகும்னு யோசிச்சீங்களா? இந்தச் சமயத்துல விளக்கை அணைச்சிட்டு அந்தப் பக்கம் போற படகுக்கு என்ன பேரு? அண்ணனுக்கு என்ன பேரு வைப்பாங்க? ராக்கெட்னு எழுதினேன். ஊரே நம்புது. நேத்து நம்ம வீட்டுக்கு எத்தனை பேர் வந்தாங்க, பாத்தீங்கல்ல? அம்மா கையைப் பிடிச்சு அழுதுட்டுப் போனாங்க. இதுவே மத்ததைப் போட்டிருந்தா கல்லை விட்டு எறிஞ்சிருப்பாங்க."

"நீங்க எழுதினதை நம்பித்தான் போலீஸ் படகு அந்த இடத்தையே சுத்திச் சுத்தித் தேடுது. அவரு தெக்க போயிருக்காரு. அங்க யாருமே தேடல."

இயேசுதாசன் படியில் உட்கார்ந்துவிட்டான். "தேடிப் பிடிச்சா மட்டும் விட்டுடுவாங்களா அண்ணி? உயிரோட இருந்தா, அவரா போயிருக்காருன்னு அர்த்தம். பிடிபட்டா வாழ்நாள் முழுக்க ஜெயில். இல்ல, அதைவிட மோசம். செத்தவராவே இருக்கட்டும். நல்ல பேரோட இருக்கட்டும்."

அவன் கெட்டவன் இல்லை. அண்ணனைத் தகப்பனாக நினைத்து வளர்ந்தவன். இரண்டு நாளாக அவனும் தூங்கவில்லை என்பது கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. ஆனாலும் பிரிஜட் விடவில்லை.

"வியாழக்கிழமை காலைல அவருக்குக் குடிதண்ணி ஊத்திக் குடுத்தது நான். ஒரு ஆளு ஒரு பொழுது குடிக்கிற தண்ணி. அவரு அந்தப் பக்கம் போகலைன்னு வைங்க. எஞ்சின் நின்னு போயி, விளக்கு எரியாம, நீரோட்டத்துல மாட்டி எங்கயோ மிதக்கறாருன்னு வைங்க. அந்தத் தண்ணி எப்பவோ தீர்ந்திருக்கும். நல்ல பேரைக் குடிச்சிட்டா இருப்பாரு?"

"எஞ்சின் சத்தம் கேட்டுச்சுன்னு பாய் சொல்றாரே அண்ணி."

"எனக்குத் தெரியல தம்பி. ஆனா நான் போய்ச் சொல்லத்தான் போறேன்."

இயேசுதாசன் எழுந்து சைக்கிளை எடுத்தான். "நீங்க ரெண்டு பேரும் பஸ்ல வாங்க. நானும் வர்றேன். எழுதினவன் நான்தானே."

கடற்கரையோரம் இருந்த போலீஸ் நிலையத்தில் இன்ஸ்பெக்டர் ஒரு யாழ்ப்பாணத்துக்காரர். நரைத்த மீசை. தமிழில் பேசலாம் என்பதே பிரிஜட்டுக்குப் பாதித் தைரியத்தைக் கொடுத்தது. யாக்கூப் சொல்லச் சொல்ல அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். இடையில் எழுந்து போய்ச் சுவரில் தொங்கிய கடல் வரைபடத்தில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு வந்தார்.

"அம்மா, உங்கட புருசன் அண்டைக்கு ஏன் தனியப் போனவர்?"

"கூட வர்றவருக்குக் காய்ச்சல் சார்."

"முந்தி அந்தத் தீவுகளுக்குப் போய் வந்தவரோ?"

"எல்லாரும் போனாங்க சார். இந்தச் சண்டைக்கு முன்னாடி."

"ஓம், எல்லாரும் போனவைதான்." அவர் பேனாவை மூடி வைத்தார். "நீங்கள் வந்து சொன்னது நல்ல காரியம். கொஞ்சம் வெளியில இருங்கோ. உங்கட கொழுந்தனோட நான் தனியக் கதைக்க வேணும்."

பிரிஜட் வெளி வராந்தாவில் உட்கார்ந்தாள். எதிரே படகுத்துறை. வெயில் தண்ணீரில் பட்டுக் கண்ணைக் கூச வைத்தது.

கொஞ்ச நேரத்தில் போலீஸ் படகு ஒன்று கிழக்கேயிருந்து வந்தது. பின்னாலேயே இன்னொன்று. அவள் எழுந்து நின்றுவிட்டாள். தெற்கே போகச் சொல்லக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நினைத்தாள். எண்ணெய் போட்டுக்கொண்டு, குடிதண்ணீர் ஏற்றிக்கொண்டு கிளம்புவார்கள். சாயங்காலத்துக்குள் அந்தத் தீவுகளைச் சுற்றி வந்துவிடலாம். அவளுக்குள் ஒவ்வொன்றாகக் கணக்கு ஓடியது.

படகிலிருந்து இறங்கியவர்கள் கயிற்றைக் கட்டினார்கள். ஒருவன் குழாயடியில் முகம் கழுவினான். இன்னொருவன் நனைந்த சட்டையைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டான். சிரித்துப் பேசிக்கொண்டே எல்லோரும் தேநீர்க் கடைப் பக்கம் நடந்தார்கள். படகுகள் இரண்டும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு அப்படியே கிடந்தன. யாரும் எண்ணெய் போட வரவில்லை.

பிரிஜட் உள்ளே ஓடினாள்.

"சார், ஏன் சார் திரும்பி வந்துட்டாங்க?"

இன்ஸ்பெக்டர் அவளை உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

"அம்மா, விபத்தில காணாமல் போன படகெண்டால் நான் தேடலாம். தானாய் ஓடி, விளக்கை அணைச்சு, எல்லையைத் தாண்டின படகைத் தேடிப் போக என்னால ஏலாது. எல்லைக்கு அங்கால எங்கட படகு போனால் சுடுவினம். இனி இது என்ர கையில இல்லை. மேலிடத்துக்கு எழுதிப்போட்டன்."

"அவரு தாண்டினாருன்னு யாரு பாத்தா? தெக்க போனாருன்னுதானே பாய் சொன்னாரு? தாண்டாம இருந்தா? வழியில நின்னு போயிருந்தா?"

"இருக்கலாம்."

"அப்ப தேடுங்க சார்!"

அவர் மறுபடி வரைபடத்தைப் பார்த்தார். அந்த மனிதருக்கு இரக்கம் இருந்தது. இரக்கத்தைத் தவிர வேறொன்றும் அவரிடம் இல்லை என்பதும் தெரிந்தது.

"உங்கட கொழுந்தனை இப்ப அனுப்ப முடியாது. ராக்கெட் எண்டு எழுதிச் சனத்தைக் குழப்பின விசயம் ஒண்டிருக்குது. தெரிஞ்சதை மறைச்சதும் இருக்குது. நீங்கள் வீட்டை போங்கோ."

உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. இயேசுதாசனை அவளால் பார்க்க முடியவில்லை. யாக்கூபையும் கையெழுத்துப் போட வேண்டும் என்று நிறுத்திக்கொண்டார்கள். அவள் தனியாகத்தான் பஸ் ஏறினாள்.

பஸ்ஸில் இரண்டு பேர் அந்த வெளிச்சத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தார்கள். அது மறுபடியும் ஞாயிற்றுக்கிழமை வருமாம். ஒருவருக்கு உள்தகவல் கிடைத்திருக்கிறதாம்.

வீட்டில் தங்கம் வந்து உட்கார்ந்திருந்தாள். மாமியாருக்கு மாதா கோவில் மரியாயின் சேனையில் பழக்கம். மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டு, பாத்திமா மாதா அன்றைக்கே சொன்ன அடையாளம்தான் வானத்தில் தெரிந்தது என்று விளக்கிக்கொண்டிருந்தாள்.

அல்போன்சம்மாள் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. மருமகளைப் பார்த்ததும் எழுந்து வந்தாள். "போலீசுக்குப் போனியாமே? கீழ் வீட்டுல சொன்னாங்க. தேடறாங்களா?"

அந்தக் கண்களைப் பார்த்துவிட்டு பிரிஜட்டால் வேறெதையும் சொல்ல முடியவில்லை.

"தேடறாங்க அத்தை. தெக்க ரெண்டு படகு போகுது."

"தெக்கயா?"

"அந்தப் பக்கம் அவரைப் பாத்திருக்காங்க. உயிரோட."

அல்போன்சம்மாள் இத்தனை நாள் அழாத அழுகையை ஒரேயடியாக அழுதாள். "கேட்டியா தங்கம்? எம் புள்ளை இருக்கான். பாத்திருக்காங்களாம். ரெண்டு படகு போயிருக்கு." முகத்தைத் துடைத்துக்கொண்டு, தானாகவே ஒரு தட்டை எடுத்துச் சோற்றைப் போட்டுச் சாப்பிட உட்கார்ந்தாள். பிரிஜட், தங்கம் கொண்டுவந்திருந்த குழம்பை ஊற்றினாள்.

அப்போதுதான் வானொலியில் மாலைச் செய்தி தொடங்கியது. அதை அணைக்க பிரிஜட் எழுந்தாள்.

"இருக்கட்டும்மா. நம்ம புள்ளையைப் பத்திச் சொல்லுவான்," என்றாள் தங்கம்.

சொன்னான். சுத்தமான, திருத்தமான தமிழில், ஒரு சொல்கூட இடறாமல் சொன்னான். தெற்குக் கடலில் தோன்றியதாகக் கூறப்படும் வெளிச்சம் குறித்து ஆதாரமற்ற தகவல்களைப் பரப்புவோர் மீது கடும் நடவடிக்கை எடுக்கப்படும். வியாழக்கிழமை முதல் காணாமற்போன மோட்டார் படகு எல்லை கடந்து சென்றிருக்கலாம் எனத் தெரியவந்துள்ளதால், அதைத் தேடும் பணி இன்று பிற்பகலுடன் நிறுத்தப்பட்டது. அடுத்து, ரப்பர் விலை.

தங்கம் பையை எடுத்துக்கொண்டாள். "நான் வர்றேன், இருட்டிடுச்சு," என்று யாரையும் பார்க்காமல் சொன்னாள். படியில் அவள் செருப்புச் சத்தம் வேகமாக இறங்கியது. விடிவதற்குள் தெருவெல்லாம் தெரிந்துவிடும்.

அல்போன்சம்மாள் கையில் பிசைந்த சோறு அப்படியே இருந்தது.

"படகு தெக்க போச்சுன்னு அவங்களுக்கு யாரு சொன்னா?"

"நான்தான் அத்தை. அந்தப் பக்கம் தேடுவாங்கன்னு நெனச்சேன்."

மாமியார் கையிலிருந்த சோற்றைத் தட்டிலேயே உதிர்த்தாள். கோபம் வரும் என்று பிரிஜட் காத்திருந்தாள். வந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

"நீ சொன்னதைத் தப்புன்னு நான் சொல்ல மாட்டேன்," என்றாள் அல்போன்சம்மாள். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. "ஆனா உன் இடத்துல நான் இருந்திருந்தா சொல்லியிருக்க மாட்டேன்."

கீழே தெருவில் சைக்கிள் மணி லேசாக ஒலித்தது. அல்போன்சம்மாள் நிமிர்ந்தாள். "போய்ப் பாரு. தாசனாத்தான் இருக்கும்."

பிரிஜட் இறங்கிப் போனாள். படிக்கட்டின் அடியில் யாக்கூப் நின்றிருந்தார். இயேசுதாசனின் சைக்கிளை அவர் ஏறி ஓட்டாமல் அவ்வளவு தூரமும் தள்ளிக்கொண்டே வந்திருந்தார். வேர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"இதைக் கொண்டுபோய் வீட்டுல விடுன்னு குடுத்தாங்க," என்றார். "தம்பியை வேற வண்டியில ஏத்திட்டாங்க. எங்கன்னு கேட்டேன். சொல்லல. என் லைசென்சும் போச்சு."

அவர் சைக்கிளைச் சுவரோரம் சாய்த்து வைத்தார். அவள் முகத்தைப் பார்க்காமல் திரும்பி நடந்தார்.

"தாசன் வந்துட்டானா?" என்று மேலிருந்து மாமியார் கேட்டாள்.

பிரிஜட் படியின் மேல் காலை வைத்தாள். முதல் படியிலேயே நின்றுவிட்டாள்.

"ஏம்மா, வந்துட்டானா?"

இந்தத் தடவை அவளுக்குப் பொய்கூட வரவில்லை.